சூரியனைப் பின்தொடரும் கண்ணாடி

பெட்டியைப் பிரித்ததும் நவநீதனின் கைக்கு முதலில் தட்டுப்பட்டது சூடு. மார்கழிப் பனியில் இரவெல்லாம் லாரியில் வந்து, பகலெல்லாம் தருமபுரி கூரியர் ஆபீசின் சிமெண்டுத் தரையில் கிடந்து, பொழுது சாய்கிற நேரத்தில் கூரியர்க்காரன் மாதுவின் மொபெட்டில் கட்டப்பட்டு அதியமான்கோட்டைக்கு வந்து சேர்ந்த பெட்டி அது. அட்டை சில்லென்றிருந்தது. உள்ளே அடைத்திருந்த பஞ்சும் சில்லென்றிருந்தது. பஞ்சுக்கு நடுவே பதித்திருந்த வட்டக் கண்ணாடி மட்டும் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"மாசக்கணக்கா போன் பண்ணிப் போன் பண்ணி எங்க உசுர வாங்குனீங்களே சார், இதுக்குத்தானா?" என்றான் மாது. "மூஞ்சி பாக்கற கண்ணாடியாட்டம் இருக்குது."

லாரி இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று நவநீதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதற்கப்புறம் தரையில் கிடந்த பகல் முழுவதையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டான். ஆசைப்பட்ட பொருள் கைக்கு வந்த நேரத்தில் எவன்தான் கணக்குப் பார்க்கிறான்?

டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர் உத்தியோகம் அவனுக்குச் சோறு போட்டது. வானம்தான் அவனுக்குப் பைத்தியம். சாதாரண தொலைநோக்கி இரண்டு ஏற்கெனவே பரணில் இருந்தன. இது வேறு ரகம். ஒரு சாண் அகலக் கண்ணாடி, சூரியன் நகர நகர அதைத் திருப்பிக்கொண்டே போகும் சின்ன மோட்டார், ஒரு நீளமான லென்ஸ் குழாய். வாசலில் கண்ணாடியை நிறுத்தி, ஜன்னலில் குழாயைப் பொருத்திவிட்டால், இருட்டு அறையின் சுவரில் சூரியன் ஒரு தோசை அகலத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், நகரவே நகராது. கடல் தாண்டி ஏதோ ஒரு மலை ஊரில் ஒருவர் கையாலேயே செய்து அனுப்புகிறார். ஆடியில் சொல்லிவைத்தது. மார்கழிச் சூரிய கிரகணத்துக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று அவன் வேண்டாத தெய்வமில்லை. தெய்வ நம்பிக்கை இல்லாதவன் வேண்டினால் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டுவான் போலிருக்கிறது.

மனைவி பானுமதியின் வளைகாப்புப் படங்களில் எல்லாம் அவன் கன்னத்தில் சந்தனத்தோடு குனிந்துதான் இருக்கிறான். அவள் கை வளையல்களைப் பார்க்கவில்லை. பார்சல் எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தான். பானுவுக்கு இது மூன்றாவது. முதலாவது மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அதற்குப் பின் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. இந்தக் குழந்தைதான் ஒன்பதாம் மாதத்தைத் தொட்டிருந்தது. பெரியாஸ்பத்திரி பக்கம் என்பதால் பிரசவம் இங்கேயே என்று முடிவாகி, அவள் அம்மா பெரியம்மாள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து துணிப்பையோடு வந்து இறங்கியிருந்தாள். கிரகணத்தின் முழு நெருப்பு வளையத்தைப் பார்க்கக் கரூர் பக்கம் போக வேண்டும். பானுவை விட்டுவிட்டுப் போக முடியாததால்தான் நவநீதன் தங்கிவிட்டான். அதை அவன் ஒரு தியாகமாகவே நினைத்திருந்தான்.

அன்று சாயங்காலமே கண்ணாடியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தான். மெல்லிய ரீங்காரம் எழுந்தது. கண்ணாடி தயங்கித் தயங்கித் திரும்பி, சமையலறை வாசலைப் பார்த்து நின்றது. உள்ளே பானு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடியைக் கையால் கிழக்கே திருப்பி வைத்தான். பானு தட்டோடு ஹாலுக்கு வந்தாள். ரீங்காரம். கண்ணாடி அவள் பக்கம் திரும்பியது.

"என்னங்க, இது என்னயே பாக்குது?"

"ஊரு, தேதி எதுவும் இன்னும் குடுக்கல பானு. அதான் எங்க பாக்கறதுன்னு தெரியாம சுத்துது."

புது மிக்சி வந்தால்கூடக் குங்குமம் வைக்கிற பெரியம்மாள், இதற்கு வைக்கவில்லை.

மறுநாள்தான் கிரகணம். காலையிலேயே அவள் கிழக்கு அறையின் ஜன்னலைக் கம்பளியால் மூடி, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்து, பானுவை உள்ளே கட்டிலில் உட்கார வைத்தாள். தண்ணீர்க் குடங்களில் தர்ப்பையைப் போட்டாள். சமையலறையில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தினாள். கையை எடுத்தாள். உலக்கை தானாக நின்றது.

"கிரகணம் புடிச்சிருக்கிற வரைக்கும் இது நிக்கும். வுட்டதும் வுழுந்துரும். அதுவரைக்கும் பானு வெளிய வரக்கூடாதுங்க மாப்ள. ஒண்ணும் திங்கக்கூடாது. நகத்தால சொறியக்கூடக் கூடாது."

நவநீதனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் யோசனையும் வந்தது. இருட்டு அறை! அவன் கண்ணாடிக்கு வேண்டியதும் அதுதானே.

"அத்தை, அவ வெளிய வரவே வேணாம். கிரகணத்த நான் உள்ள கொண்டாந்து காட்டறேன்."

பெரியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அது மேல படக்கூடாதுன்னுதானுங்க உள்ள வெக்கிறது. அதயே வூட்டுக்குள்ள கூட்டியாந்து வுட்டா?"

"செவுத்து மேலதான் அத்தை வுழும். அவ மேலயா வுழப்போவுது?"

பானுதான் இருட்டுக்குள்ளிருந்து தீர்ப்புச் சொன்னாள். "வுடும்மா. பேய்க்கு வாக்கப்பட்டா முருங்க மரம் ஏறித்தான் ஆவணும். சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு நானும் பாக்கறேன்."

கம்பளியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினான். வாசலில் கண்ணாடி சூரியனைப் பிடித்தது. உள்ளே, எதிர்ச் சுவரில், சூரியன் வந்து உட்கார்ந்தது. வெண்மஞ்சளாக, விளிம்பு சீவியது போல, அசையாமல். பானு கை தட்டினாள். வயிற்றுக்குள் குழந்தையும் உதைத்தது என்று அவன் கையைப் பிடித்து இழுத்து இடது விலாவுக்குக் கீழே வைத்துக் காட்டினாள். குதிகால். நன்றாகத் தெரிந்தது. அவனுக்கு அப்போது இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அது குழந்தையாலா கண்ணாடியாலா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பான்.

எட்டு மணிக்கு மேல் வட்டத்தின் ஓரத்தில் ஒரு கடி விழுந்தது. கடி வளர்ந்தது. வெளியே வெயில் இருந்தபடியே மங்கி, சிம்னி விளக்கில் எண்ணெய் தீர்கிறபோது வருகிற அழுக்கு நிறத்துக்கு வந்தது. காக்கைகள் புங்க மரத்துக்குத் திரும்பிச் சத்தம் போட்டு, பிறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அடங்கின. நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. எங்கிருந்தோ ஈர மண் வாசனை, மழை இல்லாமலே, ஜன்னல் கம்பளியைத் தாண்டி அறைக்குள் வந்து தங்கியது. சுவரில் மெல்லிய பிறை மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு மேல் இங்கே மறையாது. இனி விட வேண்டியதுதான். பானு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள்.

அவன் வாசலுக்குப் போய் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். சூரியன் மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. முற்பகல் கழிய கழிய, புங்க மரத்தடியில் பிறை பிறையாகக் கொட்டிக்கிடந்த வெளிச்சத் துண்டுகள் பருத்து, முழு வட்டங்களாயின. தெருவில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ வீட்டில் குக்கர் விசிலடித்தது. கிரகணம் விட்டுவிட்டது. அவன் திருப்தியோடு உள்ளே வந்தான்.

சுவரில் பிறை அப்படியே இருந்தது. இல்லை. இன்னும் மெலிந்திருந்தது.

கண்ணாடி ஓரத்தில் ஏதோ மறைக்கிறது என்று நினைத்தான். வெளியே போய்த் துடைத்தான். எதுவும் மறைக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த சூரியன் முழுசாக இருந்தது. துடைத்த துணி கையில் சுட்டது. உள்ளே வந்தால் பிறை. அதே பிறையைச் சுவரின் சுண்ணாம்பு விரிசல்களோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வந்தது பயம்தான். அதைப் பசி என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

உலக்கை நின்றுகொண்டிருந்தது.

பெரியம்மாள் அதன் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதிலிருந்து அப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் வியர்வை.

"வுடலீங்க மாப்ள."

"வுட்டுருச்சு அத்தை. ஊரே குளிச்சிட்டு இருக்கு. வெளிய வந்து பாருங்க."

"ஊருக்கு வுட்டுதுங்க." அவள் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம வூட்டுக்கு வுடல."

அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. படித்தவனுக்குப் பயம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வரும். ஒரு கையால் உலக்கையைப் பிடித்துத் தள்ளினான். அசையவில்லை. தாம்பாளத்துக்குள் அல்ல, பூமிக்குள் நட்டது போல நின்றது. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தான். பச்சை மரம் முறிகிற சத்தத்தோடு உலக்கை சாய்ந்தது. மஞ்சள் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"ஐயோ மாப்ள!" பெரியம்மாள் எழுந்துவிட்டாள். "அது அதுவா வுழணும். நாம தள்ளக்கூடாதுங்க. வுடாததுக்கு முன்னாடி தள்ளுனா, அப்பறம் வுடறதுக்கு அதுக்கு வழி தெரியாதுங்க!"

கிழக்கு அறையிலிருந்து பானுவின் குரல் கேட்டது. தூக்கக் குரல்.

"என்னங்க... குளுருது."

அவன் ஓடினான்.

சுவர் காலியாக இருந்தது.

பிறை பானுவின் மேல் இருந்தது. மல்லாந்து படுத்திருந்தவளின் வயிற்றில், பச்சைப் புடவைமேல், தோசை அகலத்துக்கு அல்ல, வயிற்றின் அகலத்துக்கே. இடது பக்கம் மட்டும் பிறையாக வெளிச்சம். மீதி வட்டம் கறுப்பு. அறையின் இருட்டைவிடக் கறுப்பு.

"தள்ளிப் படு பானு."

புரண்டாள். ரீங்காரம். பிறையும் புரண்டது.

வாசலுக்கு ஓடினான். மோட்டாரின் வயரைப் பிடுங்கினான். ரீங்காரம் நிற்கவில்லை. கண்ணாடியைத் தாங்கியோடு மண்ணில் குப்புறக் கவிழ்த்தான். கை கொப்பளித்தது. பெரியம்மாள் அதன்மேல் சாக்கைப் போட்டு, சாக்கின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். ஜன்னலிலிருந்து குழாயைப் பிடுங்கி எறிந்தான். கம்பளியைக் கிழித்தான். நடுப்பகல் வெயில் அறைக்குள் கொட்டியது.

வெயில் எல்லா இடத்திலும் விழுந்தது. அந்தக் கறுப்பில் விழவில்லை.

பிறை மெலிந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஆட்டோவக் கூப்புடுங்க!" என்று பெரியம்மாள் அலறினாள். அவன் பானுவை இரண்டு கையாலும் வாரித் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

கனமே இல்லை.

முந்தாநாள் மாடிப்படியில் அவளைத் தூக்கியபோது மூச்சு வாங்கியது. இப்போது துவைத்த துணி மாதிரி வந்தாள்.

"வலிக்குதா பானு?"

"இல்லீங்க." அவள் புன்னகைத்தாள். கண் பாதி மூடியிருந்தது. "லேசா இருக்குது. நல்லா லேசா இருக்குது."

வெயிலுக்குக் கொண்டுபோகத் துணியாமல், ஜன்னலே இல்லாத ஹாலுக்குத் தூக்கி வந்து தரையில் கிடத்தினான். பிறை கூடவே வந்தது. பெரியம்மாள் மகளின் தலைமாட்டில் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். புடவை மடிப்பின் கீழே. கறுப்பு இருந்த இடத்தில் புடவை எழும்பியிருக்கவில்லை.

கை வைத்தான்.

கை இறங்கியது. புடவை இறங்கியது. கல்யாணத்தன்று இருந்த இடுப்பு. தட்டையாக. ரத்தம் இல்லை. கிழிசல் இல்லை. ஈரம்கூட இல்லை. கையை மெல்ல இடது பக்கம் நகர்த்தினான். ஒரு விளிம்பு. வளைந்த, வழவழப்பான விளிம்பு, அச்சு வைத்து வெட்டியது போல. அதற்கு அப்பால் வயிறு செங்குத்தாக எழும்பி நின்றது. இறுகி. சூடாக.

வெளிச்சம் இருந்த இடத்தில் மட்டும் வயிறு இருந்தது.

அதற்குள் குழந்தை இருந்தது.

தெருவில் பக்கத்து வீட்டு நிர்மலாதேவி குடத்தோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டாள். "பெரிம்மா, கிரகணம் எப்பவோ வுட்டுருச்சு! பானுவ வெளிய வுடுங்க. தண்ணி ஊத்திக்கிட்டு ஒரு வாய் சாப்புடட்டும், பாவம் புள்ளத்தாச்சி!"

பிறை நான்கு விரல் அகலம் இருந்தது. விளிம்பு அவன் உள்ளங்கைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் கையை அணை போலக் குறுக்கே வைத்தான். அது கையைக் கடந்து போனது. மூன்று விரல். உள்ளே குழந்தை விளிம்பை விட்டு ஒதுங்கி ஒதுங்கி, கடைசிக் கீற்றுக்குள் முதுகை ஒடுக்கிக்கொள்வது தோலுக்கு மேலேயே தெரிந்தது. முழங்கால். முழங்கை. ஒரு சின்ன முஷ்டி.

பானு தூக்கத்தில் சிரித்தாள்.

இரண்டு விரல் அகல வெளிச்சத்துக்குள்ளிருந்து, அவன் உள்ளங்கையில், குழந்தை உதைத்தது. மறுபடி உதைத்தது. ஒற்றைக் காலால், விடாமல் உதைத்துக்கொண்டே இருந்தது.