கூரை வரை நீலம்

காலை எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் சிப்பித் தெருவில் கட்டில்கள் மேலே ஏறின. ஜெசிந்தா கப்பிக் கயிற்றை இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். கட்டில், அரிசி டிரம், புருஷனின் ரேடியோ எல்லாம் உத்தரத்தோடு போய் ஒட்டிக்கொண்டன. பௌர்ணமியை ஒட்டிக் கடல் தெருவுக்குள் வந்து முழங்காலை நனைத்துவிட்டுப் போகும். முன்காலமாக இருந்தால் ஊரே அலறியிருக்கும். இப்போது நீர் வடிகிறவரை வாசல்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

அன்று டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். எதிர்வீட்டுச் சுவருக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்பூச்சி ட்ரோன் நின்று நின்று பறந்தது.

"பாத்தியளா? விழான்னதும் மோப்பம் பிடிக்க வந்துட்டு."

"படம் எடுக்க வந்துருக்கும்," என்றான் சிலுவை. அவள் புருஷனுக்கு உலகத்தில் யார் மேலும் சந்தேகம் கிடையாது. அந்தக் குறையை நிரப்பத்தான் ஆண்டவர் தன்னைப் படைத்தார் என்பது ஜெசிந்தாவின் எண்ணம்.

நீர்ச்சுவர் விழா வருடத்துக்கு ஒரு தெருவில் நடக்கும். பருவநிலை மாறிப்போன இந்தக் கரையில், இருபது வருடம் கழித்துத் தங்கள் தெரு எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு வீட்டாரும் வெளிச்சுவரில் வரைய வேண்டும். சுண்ணாம்பும் சாயமும் விழாக்குழுவே கொடுக்கும். கூத்து, பறை, சுட்ட மீன் என்று ஊரே கூடும். போன வருடம் உப்பளக் காலனியின் முறை; அன்று கடல் ஏறியிருந்ததால் சிப்பித் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. விழா முடிந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் காலனியை மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய்க் கடல் வாடையே இல்லாத உட்பகுதி அடுக்ககத்தில் குடிவைத்துவிட்டார்கள். கடலோரத்தில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று முடிவெடுப்பது அலைமதி. அது ஒரு கணிப்பொறி; கண்பூச்சிகள்தான் அதன் கண். அதனிடம் போய்க் கெஞ்சவும் முடியாது, சண்டை போடவும் முடியாது.

காலி வீடுகளை ஜெசிந்தா நேரில் போய்ப் பார்த்தாள். அத்தனை சுவரிலும் கூரை வரை நீலம். ஜன்னலுக்கு மேலே மீன் நீந்தியது. முழுகிப்போவோம் என்று இவர்களே வரைந்து கொடுத்திருக்கிறார்கள், அலைமதி அதையே சாட்சியாக வைத்துத் தூக்கிவிட்டது! வேறு என்ன இருக்க முடியும்?

வந்ததும் விழாக்குழுவின் ஓவியன் நிகிலனை வழிமறித்தாள்.

"தம்பி, இந்தப் படமெல்லாம் எங்க போவுது?"

நிகிலன் தன் செருப்பைப் பார்த்தான். "மனசுல இருக்கறத வரைங்கக்கா. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றால், சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. வெளியூர்ப் பயல், நன்றாகத்தான் முழுங்குகிறான் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஒரு சொட்டுத் தண்ணி வரையக் கூடாது. சூரியனப் போடுங்க, நெத்திலி காயுத மாதிரிப் போடுங்க. இல்லன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்." நண்டும் வலையும் இல்லாத இடத்தில் போய் என்ன செய்வது? தெருவே தலையாட்டியது.

வீடு திரும்பினால் தன் சுவரிலேயே இடி விழுந்திருந்தது. சிலுவை கூரை வரை நீலம் அடித்திருந்தான். உச்சியில் ஒரு கட்டில். அதில் ஒரு ஆள் மட்டும் குனிந்து தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கிய!"

"கட்டில ஏத்தும்போதெல்லாம் எனக்கு இதுதான் தெரியுது, ஜெசி."

"ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"சொன்னா நீ பயந்துருவ."

அவளுக்கும் கனவில் அதே காட்சி வரும். அவளும் சொன்னதில்லை. ஆனாலும் சுண்ணாம்பு வாளியை எடுத்தாள். அவள் அந்தக் கையின் மேல் வெள்ளை பூசி, மஞ்சளாக ஒரு சூரியனை வரைகிறவரை சிலுவை ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

விழா அமர்க்களமாக நடந்தது. வந்தவர்கள், இந்தச் சனங்களுக்கு எவ்வளவு தைரியம் என்று வியந்து போனார்கள். கண்பூச்சிகள் சுவர் சுவராகப் பார்த்துவிட்டுப் போயின. ஜெசிந்தா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மாதம் திரும்புவதற்குள் ஒலிபெருக்கி அறிவித்தது: மழைக்காலத்துக்கு முன் சிப்பித் தெரு காலி செய்யப்பட வேண்டும். இது அலைமதியின் முடிவு.

ஜெசிந்தா நேராகப் போய் நிகிலனின் சட்டையைப் பிடித்தாள். அவன் விலக்கிவிடவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"அலைமதிக்கு ஒரே கேள்விதான்க்கா. பெரிய அலை வர்றப்போ சங்கு ஊதுனா இவங்க ஓடுவாங்களா? பயம் உள்ளவங்க ஓடிருவாங்க. அவங்கள நம்பிக் கடலோரத்துல விடலாம். பயமில்லாதவங்க டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்களத்தான் முன்கூட்டியே தூக்கும்."

"பொய் சொல்லாத! உப்பளக் காலனிச் சுவர என் கண்ணால பாத்தேன்."

"அவங்க விழாவுல வரைஞ்சது பச்சை வயலு. நீலம் அடிச்சது, போகச் சொன்ன பிறகு, கோவத்துல."

ஜெசிந்தா சட்டையை விட்டாள். "அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா எல்லாரும் கூரை வரைக்கும் அடிப்பீங்க. உண்மையிலேயே யாருக்குப் பயம்னு எப்படித் தெரியும்? சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. இப்பவும் சொல்லக் கூடாதுதான். மனசு கேக்கல."

வீட்டுக்கு வந்து அந்தச் சூரியனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றி எரிந்தது. தெருவிலேயே உண்மையை வரைந்தவன் ஒருத்தன். அவன் வாயையும் அடைத்தாயிற்று. நீலச் சாயத்தைத் தூக்கி அப்படியே சுவரில் வீசினாள். ஏன் என்று கேட்காமல் சிலுவை தூரிகையை எடுத்தான். இருவருமாகக் கூரை வரை அடித்தார்கள். இந்த முறை கட்டிலில் இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்து வீடும் அடித்தது, எதிர்வீடும் அடித்தது. அழுதுகொண்டே தெரு முழுக்க அடித்தார்கள்.

லாரி வந்த அன்று, அடுத்த வருடம் விழா நடக்கவிருக்கும் வலைக்காரத் தெருவிலிருந்து, இந்த விழாவுக்கு வந்திராத பிரகாசி சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இப்படி வரைஞ்சதுனாலதானாக்கா?"

ஜெசிந்தா மூட்டையைக் கீழே போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சூரியன், நெத்திலி, சங்கு, டீ, நிகிலன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "பயத்த மறைக்காதிய பிள்ள. மனசுல உள்ளத அப்படியே வரைங்க. எங்கள மாதிரி ஏமாந்துராதிய."

பிரகாசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, நீலச் சுவரையும் ஜெசிந்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை ஜெசிந்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

"சரிக்கா," என்றாள் பிரகாசி. "இப்படிச் சொல்லச் சொல்லி உங்கள யாரு அனுப்புனா?"