அப்ரூவ் செய்த பிணம்

"ஐயோ...!"

அந்த அலறல் தெருவில் இருந்த ஜன்னல்களை எல்லாம் திறக்க வைத்தது.

அலறியவள் ஒரு பல் டாக்டர். தினமும் அடுத்தவர்களை அலற வைப்பவள். அன்றைக்கு அவள் முறை.

நாற்காலியில் அவளுடைய கணவன் சாய்ந்து கிடந்தான். கண்கள் கூரையை வெறித்துக்கொண்டிருந்தன. கழுத்தைச் சுற்றி நீல நிற நெட்வொர்க் கேபிள்... சதைக்குள் புதையும் அளவுக்கு இறுக்கமாக!

அந்த அறையில் அவனுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உயிர் இருந்தது.

ஜீப் வந்து நின்றது. பெண் இன்ஸ்பெக்டர் முதலில் குதித்தாள். தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏட்டு பின்னால் இறங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்... பார்த்தார்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கம்பைலர், மேடம்."

"அப்படின்னா?"

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மனுஷங்க எழுதற புரோகிராம் கோடை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கற சாஃப்ட்வேர். பல நாட்டு ஆளுங்க சேர்ந்து எழுதறாங்க. யார் வேணும்னாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அதைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது இவர். 'தலைவர்'னு கூப்பிடுவாங்க."

"சம்பளம்?"

"கிடையாது."

ஏட்டு வாயைப் பிளந்தார். "சும்மாவா?"

"சும்மாதான். அதுக்கு பதிலா யாரை வேணும்னாலும் திட்டிக்கலாம்."

உண்மைதான். தலைவர் திட்டுவதில் மன்னன். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதி அனுப்புவான். 'இதை எழுதியது கையா, காலா?' என்று பதில் போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்படித் திட்டு வாங்கியதை நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படும் கூட்டம் வேறு. அப்பேர்ப்பட்ட உலகம் அது!

"நீங்க எப்ப வீட்டுக்கு வந்தீங்க?"

"மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, மேடம். காலையில கிளினிக். வந்தப்ப இவர் ரூம் கதவு சாத்தி இருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்ல."

"சந்தேகம் வரலையா?"

"பதில் சொல்லியிருந்தாதான் சந்தேகம் வந்திருக்கும்."

"அப்புறம்?"

"சமைச்சு முடிச்சுட்டு சாப்பிடக் கூப்பிடலாம்னு கதவைத் திறந்தேன்..."

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம்.

"அக்கா...!"

ஓடி வந்தவன் அவளுடைய தம்பி. கழுத்தில் அடையாள அட்டை ஊசலாடிக்கொண்டிருந்தது. அதே கம்பைலர் கூட்டத்தில் அவனும் ஒருவன்; தலைவருக்கு அடுத்த இடம். ஊரின் பெரிய ஹோட்டலில் அவர்களின் வருடாந்திர மாநாடு நடந்துகொண்டிருந்தது. மனிதர்களை நேரில் பார்த்தால் தலைவருக்கு ஒவ்வாது என்பதால் அவர் போகவில்லை.

தம்பி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான்.

"நம்பவே முடியல மேடம்... பன்னெண்டு மணிக்கு அத்தான் உயிரோடதான் இருந்தார்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் மேடையில பேசிட்டு இருந்தேன். என் லேப்டாப் பெரிய ஸ்கிரீன்ல தெரியுது. அப்ப அத்தான்கிட்ட இருந்து அப்ரூவல் வந்தது. ஹாலே எழுந்து நின்னு கை தட்டிச்சு."

"எதுக்கு அப்ரூவல்?"

"என் கோடுக்குத்தான். ரொம்ப நாளா ஏத்துக்காம வெச்சிருந்தார்."

அந்தத் துக்கத்திலும் அவன் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தாள்.

திடீரென்று அவன் முகம் மாறியது.

"அக்கா... நீ எப்ப வீட்டுக்கு வந்தே?"

ஏட்டு பல் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

* * *

மேலதிகாரி காபியை உறிஞ்சினார்.

"பன்னெண்டு மணிக்கு அவன் உயிரோட இருந்திருக்கான். அப்ப வீட்டுல இருந்தது பொண்டாட்டி மட்டும். பூட்டு உடையல. இன்னும் என்னம்மா வேணும் உனக்கு?"

"உடம்பைப் பார்த்த டாக்டர், காலையிலேயே செத்திருக்கணும்ங்கறார் சார்."

"டாக்டர் மனுஷன். தப்பு பண்ணுவான். மெஷின் பொய் சொல்லாது!"

"சொந்தமா சொல்லாது சார். யாராவது சொல்லிக் கொடுத்தா, தயங்காம சொல்லும்."

மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. தனக்குப் புரியாத எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை. அதனால்தான் அவருக்குப் பிடித்த விஷயங்கள் மிகக் குறைவு.

"நாளைக்கு சாயங்காலம் அவளை அரெஸ்ட் பண்றே. டிவிக்காரங்ககிட்ட சொல்லியாச்சு!"

இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள். நேராக சைபர் பிரிவு. அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நிபுணனைத் தட்டி எழுப்பாத குறை.

"செத்துப் போன ஆள் பேர்ல அப்ரூவ் பண்ண முடியுமா?"

"ஏன் முடியாது? சின்னதா ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதி அந்த மெஷின்லயே வெச்சுட்டுப் போனா போதும். சொன்ன நேரத்துக்கு அதுவே பட்டனை அழுத்திடும்."

"அந்த மெஷின்ல அப்படி ஏதாவது இருக்கா?"

"சல்லடை போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. வேலை முடிஞ்சதும் சுத்தமா அழிச்சிருந்தா எதுவும் மிஞ்சாது மேடம்."

"ஆக, நிரூபிக்க வழியே இல்ல?"

"எழுதினவனே வந்து சொன்னாத்தான் உண்டு," என்று சிரித்தான் அவன்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பல் டாக்டரின் வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள் பல் டாக்டர்.

"மேடம், நான் அவரைத் திட்டியிருக்கேன். அந்த ரூமைக் கொளுத்திடுவேன்னு கத்தியிருக்கேன். விவாகரத்துகூட கேட்டிருக்கேன். ஆனா கொல்லலை... சத்தியமா கொல்லலை! எனக்கு பயமா இருக்கு மேடம்."

"வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"தம்பிகிட்ட மட்டும்தான். ஆனா அவன் மேடையில இருந்தானே... பாவம், எனக்காக அலையறான். வக்கீலைக்கூட பார்த்துட்டு வந்துட்டான். 'ஒத்துக்கோக்கா, தண்டனை குறையும்'னு சொல்றான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

கொல்லாதவளை ஒத்துக்கொள்ளச் சொல்லும் தம்பி!

வெளியே வந்ததும் ஏட்டைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். ஏட்டின் முகம் வெளுத்தது.

"நானா மேடம்?"

"நீங்கதான்!"

* * *

மறுநாள். அதே ஹோட்டல், அதே ஹால்.

மேடையில் தலைவரின் படம். படத்திலும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். அவர் சிரித்து எடுத்த படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லையாம்.

கூட்டம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்தது. அடுத்த தலைவர் யார்? தலைவரின் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் யாருக்கு? முன் வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் தம்பி, அக்காவின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் மேடை ஏறினாள்.

"உங்க உதவி வேணும். தலைவர் அன்னைக்கு மதியம் எதையும் அப்ரூவ் பண்ணலை. அப்ப அவர் உயிரோடவே இல்லை. அவர் பேர்ல ஒரு ஸ்கிரிப்ட்தான் பண்ணியிருக்கு!"

ஹால் அதிர்ந்தது. தம்பியின் பிடி தளர்ந்தது.

"அந்த விஷயமா ஒரு ஸ்கிரிப்ட் எங்க கைக்கு வந்திருக்கு. எங்களுக்கு இதெல்லாம் புரியாது. படிச்ச நீங்க பார்த்து சொல்லுங்க."

பெரிய ஸ்கிரீனில் சில வரிகள் விரிந்தன.

கொலைகாரனின் கோடு! தங்கள் தலைவரைக் கொன்றவனின் கோடு! வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் பயந்திருக்கும். கண்ணீர் விட்டிருக்கும்.

இது அந்தக் கூட்டம் இல்லையே!

"சீ..." என்றார் ஒரு தாடிக்காரர். "என்ன கண்றாவி இது?"

"பாஸ்வேர்டை அப்படியே எழுதி வெச்சிருக்கான் பாருங்க!" என்றாள் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி. "இவனையெல்லாம் யார் கம்ப்யூட்டர் பக்கம் விட்டது?"

"பன்னெண்டு மணி ஆகற வரைக்கும் விடாம கடிகாரத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கு. மெஷினே சூடாகி செத்திருக்கும்!"

"அதுக்கு முன்னாடி மெஷின் தூங்கிடும். அதைக்கூட யோசிக்கலை முட்டாள்!"

"கொலை பண்ணத் தெரிஞ்சவனுக்கு கோடு எழுதத் தெரியலையே!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. விதவை உட்கார்ந்திருக்கிறாள், மேடையில் இறந்தவரின் படம்... சிரிப்பு நிற்கவில்லை. தப்பு கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்கு முன்னால் இவர்களுக்குப் பிணமாவது, துக்கமாவது!

இன்ஸ்பெக்டர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. சிரித்தவர்களையும் பார்க்கவில்லை. முன் வரிசையை மட்டும் பார்த்தாள்.

தம்பியின் காதுகள் சிவந்திருந்தன. கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"இதோட தரத்தைப் பார்த்தா..." தாடிக்காரர் எழுந்து நின்றே பேச ஆரம்பித்துவிட்டார். "நேத்து கம்ப்யூட்டர் வாங்கினவன் எழுதினது. மூளைன்னு ஒண்ணு இருக்கறவன் இப்படி எழுதவே மாட்டான்."

"சரியா சொன்னீங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "எங்க முடிவும் அதான். கொலைகாரன் ஒரு தற்குறி!"

"இல்ல...!"

தம்பி எழுந்து நின்றான்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருடா... உனக்கென்ன?"

"விடுக்கா! இது அந்த ஸ்கிரிப்டே இல்ல! மெஷின் தூங்கிடும்னு எனக்குத் தெரியாதா? முதல் வரியிலயே அதைத்தான் நிறுத்தினேன்! பாஸ்வேர்டை நான் எழுதவே இல்ல, தேவையே இல்ல, அத்தான் லாகின் பண்ணி வெச்சிருந்தார்! கடிகாரத்தை சும்மா சும்மா கேட்கல, குறிச்ச நேரத்துக்கு அதுவே எழுந்துக்கும்! நெட் கட்டானா திரும்ப முயற்சி பண்ணும்! வேலை முடிஞ்சதும் தன்னைத்தானே அழிச்சுக்கும்! என்னுது எவ்வளவு சுத்தமா இருந்தது தெரியுமா? அதைப் போய் இந்தக் குப்பையோட..."

அவன் நிறுத்தினான்.

தாடிக்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

"மேல சொல்லுங்க தம்பி," என்றாள் இன்ஸ்பெக்டர். "என்னுது, என்னுதுன்னீங்களே... நல்லா இருந்தது. காலையில மாநாட்டுக்கு வர்ற வழியில சாவி போட்டுத் திறந்து உள்ள போனதையும் சொல்லிடுங்க."

தம்பி சுற்றிலும் பார்த்தான். தப்பித்துப் போக நான்கு கதவுகள் இருந்தன. நான்கிலும் காக்கிச் சட்டைகள்.

பல் டாக்டர் மெதுவாக எழுந்தாள்.

"நீயாடா...? ஏன்டா?"

"அவர் என் கோடைப் படிக்கவே இல்லக்கா! எத்தனை தடவை அனுப்பினேன்! முதல் வரியைப் பார்த்துட்டு 'குப்பை'ன்னு ஒரே வார்த்தை. அன்னைக்கும் காலையில நேர்ல போய்க் கெஞ்சினேன், 'ஒரே ஒரு தடவை முழுசா படிங்க அத்தான்'னு. திரும்பிக்கூட பார்க்கலை..."

"கெஞ்சப் போனவன் ஸ்கிரிப்டோட எதுக்குப் போனே?" என்று இன்ஸ்பெக்டர் இடைமறித்தாள்.

அவன் பார்வை மறுபடி ஸ்கிரீனுக்குப் போனது.

"என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியேடா," என்றாள் அக்கா. "ஒத்துக்கோன்னு சொன்னியேடா... உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேனேடா!"

"அதை விடுக்கா..." தம்பி ஸ்கிரீனைக் காட்டினான். அவன் கண்களில் உண்மையான கண்ணீர். "நான் இப்படியா எழுதுவேன்? நீயே சொல்லு!"

பளார்...!

பல்லைப் பிடுங்கிப் பழகிய கை. அவன் இரண்டு நாற்காலிகளைச் சாய்த்துக்கொண்டு போய் விழுந்தான். யாரும் தூக்கிவிடவில்லை. ஏட்டு போய் விலங்கை மாட்டினார்.

தாடிக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். அவருக்கு அதுதான் முக்கியம்.

"அப்ப இந்தக் கேவலம் யாருது?"

ஏட்டு நெளிந்தார். விலங்கு பிடிக்காத கையைக் கொஞ்சமாகத் தூக்கினார்.

"என்னுதுதான் சார். மேடம் சொன்னாங்கன்னு நேத்து யூட்யூப் பார்த்து எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன், வீட்டுக் கம்ப்யூட்டர் நின்னு போச்சு..."

தம்பியின் வாய் திறந்தது. மூடவில்லை.

"அப்போ... அத்தான் மெஷின்ல..."

"ஒண்ணுமே கிடைக்கலை," என்றாள் இன்ஸ்பெக்டர். "நீ எழுதினது அருமையா வேலை செஞ்சிருக்கு. ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்கலை. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நீ இப்ப தலைவர்!"

அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவை இன்ஸ்பெக்டர் தோளைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். மேலதிகாரிக்கு போன் போட்டு, டிவிக்காரர்களிடம் வேறு பெயரைச் சொல்லச் சொன்னாள்.

ஜீப்பில் ஏறப் போகும்போது தாடிக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மேடம், ஒரு பெரிய சிக்கல்! அப்ரூவல் செல்லாதுன்னா, அந்தப் பையனோட கோடை கம்பைலர்ல இருந்து எடுக்கறதா, வைக்கறதா? உள்ள ஒரே சண்டை."

"இதுல என்ன சண்டை? கோடு நல்லா இருந்தா வெச்சுக்கோங்க. நீங்கதான் எழுந்து நின்னு கை தட்டினீங்களாமே... எப்படி இருக்கு?"

தாடிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"யாருக்குத் தெரியும் மேடம்? எங்கள்ல ஒருத்தரும் இன்னும் படிக்கலையே!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்புறம் திரும்பி விலங்கோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். பிறகு தாடிக்காரரிடம் சொன்னாள்:

"கவலைப்படாதீங்க சார்... ஆயுள் முழுக்க நேரம் இருக்கு. இவனையே படிச்சுப் பார்த்து சொல்லச் சொல்றேன்!"