மேரி கூப்பிடுறா

மத்தியான வெயிலில் மேரி பூட்டிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் ஜோவிதாவுக்கு உறுத்தியது. மேரி என்பது நகரசபைக்கு ஊர் வைத்திருக்கும் பிரெஞ்சுப் பெயர். பன்னிரண்டுக்கு மூடினால் மூன்றுக்குத்தான் திறப்பார்கள் என்பது புதுச்சேரியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காணாமல்போன மூன்று ஆண்களும் இந்த நேரத்தில்தான் "மேரி கூப்பிடுது" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள்.

எழுபது வருஷமாக இதோ இறங்குகிறது, அதோ இறங்குகிறது என்று பேசியே இறங்காமல் பறக்கிற பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே துப்பறியும் அதிகாரி அவள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் இந்திய எல்லை, பாஸ்போர்ட் வேண்டும். மூவரும் தாண்டவில்லை. மேரி கூப்பிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை. போகாவிட்டால் பிரெஞ்சு பென்ஷன் நின்றுவிடும்.

கடைசியாகக் காணாமல்போன கோவிந்தராசுவின் மனைவி ராஜாம்பாள் முத்தியால்பேட்டையில் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. மழை பெய்து மாதக்கணக்காயிற்று. ஆனாலும் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஊறி, அந்தப் பக்கம் யாரோ சாய்ந்து மூச்சுவிடுவதுபோல் மெல்ல அகன்று, மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது.

"அவர் சொன்னத அப்படியே சொல்லுங்கக்கா."

"மேரி கூப்பிடுறா, போயிட்டு வரேன்னாரு."

"புகார்ல கூப்பிடுதுன்னு இருக்கே?"

"நான்தாம்மா மாத்திச் சொன்னேன். ஆபீஸப் போயி அவ இவன்னா சிரிக்க மாட்டாங்களா? ஜொரத்துல ஒளர்றாருன்னு விட்டுட்டேன்."

ஜோவிதா போனைக் கையில் எடுத்தாள். மற்ற இருவருக்கும்கூட ஜுரம் இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஜுரம்தானே என்று அவள்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது உப்பளம் பகுதியில் இருக்கும் வீட்டில் அவள் கணவன் மரிய அருண் ஜுரத்தோடு தனியாகப் படுத்திருக்கிறான். பாழாய்ப்போன வேலை, அவனை விட்டுவிட்டு வந்திருக்கவே கூடாது. போன் போட்டாள்.

"அருண், யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காத. வந்துட்டே இருக்கேன்."

"ஜோ, நீ வெளியவா இருக்க?" அவன் குரல் தூக்கத்தில் குழறியது. "அப்ப உள்ளருந்து கூப்பிடுறது மேரியா?"

போன் கட்டாகிவிட்டது.

கடைகள் சாத்திக் கிடந்த தெருக்களில் நாய்கூட இல்லை. ஸ்கூட்டர் சத்தம் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்பி வந்தது. போகப் போகச் சுண்ணாம்பு வாடை ஏறிக்கொண்டே வந்தது, கடல் வாடையையும் மீறி, தொண்டையை அறுத்துக்கொண்டு.

வீடு. உள்தாழ்ப்பாள். தட்டினாள். கத்தினாள். ஜன்னல் பலகையைப் பிய்த்தாள், நகம் பெயர்ந்தது, பலகை பெயரவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கூடத்துச் சுவர் ஈரம். அதில் முதலில் காணாமல்போன இருவரின் முதுகுகள், மேலே சுண்ணாம்பு பூசியதுபோல். அதற்கு முன்னால், மேரியில் வரிசையில் நிற்பவர்களைப்போல, புகார் போட்டோவில் பார்த்த கோவிந்தராசு. அவருக்குப் பின்னால் வெறுங்காலோடு அருண்.

"அருண்! அருண், திரும்பு!"

அவன் திரும்பவில்லை. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பெற்றவள்போல் அத்தனை கனிவு.

"நீ கூப்பிடாதம்மா. நான்தான் கூப்பிடணும்."

கோவிந்தராசு சுவருக்குள் காலை எடுத்து வைத்தார்.

அருண் ஓர் அடி முன்னால் நகர்ந்தான்.