ஏற்றமே இல்லாத வழி

மலைச் சாலை தொடங்கும் முனையில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அதற்கு எதிரே பேருந்து நிறுத்தம். விடுமுறை நாளில் அங்கே நின்றால் நேரம் போவதே தெரியாது. பளபளக்கும் தலைக்கவசமும் மரத்தூண் மாதிரித் தொடையுமாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். கடைக்கார அம்மாவிடம் காற்று அடித்துக்கொண்டு, உச்சியை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகள். வயது பத்து. ஆள் ஒல்லி, பேச்சு கூர்மை. அதனால் மாமா அவளுக்கு வைத்த பெயர் குண்டூசி. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கடையில் குண்டூசிக்கும் ஒரு வேலை உண்டு. அம்மா பழுதுபார்த்த சைக்கிளை முதல் வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றோ, "பெடல் முனகுதும்மா" என்றோ சொல்ல வேண்டும். முதல் வளைவைத் தாண்டி அவள் சைக்கிளில் போனதே இல்லை. மேலே போக வேண்டுமென்றால் மாமாவின் பேருந்து இருக்கிறதே!

மாமா அம்மாவின் தம்பி. பதினாறு வருஷமாக அந்த மலையில் பேருந்து ஓட்டுகிறவர்.

மலையில் ஏற்கெனவே இரண்டு சைக்கிள் வழிகள் இருந்தன. சிவப்பு வழி செங்குத்து. மஞ்சள் வழி அதைவிட மோசம். சின்னப் பிள்ளைகள் போக ஒரு சுலபமான வழி வேண்டும் என்று ஊர் அலுவலகம் ஆள் தேடியபோது, மாமா தானே முன்வந்தார். பேருந்து நிலையத்தில் அவருடைய நண்பரான மீசைக்கார ஓட்டுநர், ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று வாரம் யோசித்து, மாமா ஏரிச் சாலையைத் தேர்ந்தெடுத்தார். "அதுல கியரே மாத்த வேண்டாம் அக்கா. மூணாவது கியர்ல போட்டா ஏரி வரைக்கும் வழுக்கிட்டுப் போகும்" என்றார். சக்கரத்துக்குள் தலையை விட்டிருந்த அம்மா, "ம்" என்றாள். அவளுக்கு வரும் சைக்கிளைத் தெரியுமே தவிர, அது போகும் வழியைப் பார்க்க ஏது நேரம்?

வியாழக்கிழமை சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் நீல நிறப் பலகையை நட்டார்கள்.

'நீல வழி. ஏரிச் சாலை. ஒன்பது கிலோமீட்டர். மிகச் சுலபம். ஏற்றமே இல்லை. வழியைத் தேர்ந்தவர்: பேருந்து ஓட்டுநர்.'

கடைசி வரியை மாமா எத்தனை தடவை படித்தாரோ தெரியாது. ஒவ்வொரு முறை பேருந்து நிற்கும்போதும் இறங்கி வந்து, கைக்குட்டையால் பலகையைத் துடைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கீழூர்ப் பள்ளியிலிருந்து இருபத்து மூன்று பிள்ளைகள் நீல வழியில் போக வருகிறார்கள். அதில் நாலைந்து பேர் சைக்கிள் பழகி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் குண்டூசிக்கு ஒரு ஆசை வந்தது. மாமாவின் வழியில் முதல் ஆளாகப் போனால் என்ன? அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதல் மைல்கல்லில் மூச்சு வாங்கியது. இரண்டாவது கல்லில் தண்ணீர் பாட்டில் காலி. மூன்றாவது கல்லை நெருங்கும்போது பின்னாலிருந்து ஓர் ஆடு நிதானமாக நடந்து வந்தது. அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு முந்திக்கொண்டு போய்விட்டது.

கண்ணுக்கு அது சமதளம் மாதிரித்தான் இருந்தது. கால்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குண்டூசி மிச்சத் தூரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஒரே ஒரு பாலத்தருகில் சின்ன இறக்கம். மற்றதெல்லாம் ஏரி வரைக்கும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும் சாலை. கால்கள் ஓய்ந்துபோனதால், ஏரியிலிருந்து கீழே இறங்கிய பால் வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அவள் வந்து சொன்னதும் அம்மா கையில் பிடித்த இடுக்கியோடு எழுந்துவிட்டாள். இப்போதே அவனிடம் போய்க் கேட்கிறேன் என்றாள்.

"வேணாம்மா. நீ கேட்டா நிலையத்துல எல்லாருக்கும் கேக்கும். மாமா பாவம்."

"அப்போ அந்தப் பிள்ளைங்க பாவம் இல்லையா?"

குண்டூசி கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல? எனக்கு விடு."

சனிக்கிழமை மத்தியானம் மாமாவுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. குண்டூசி கடையிலிருந்து உயரமான சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க வழியில நீங்க இன்னும் போகவே இல்லையே மாமா. வாங்க, போயிட்டு வரலாம்."

மாமாவுக்கு வாயெல்லாம் பல். காக்கிச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். அவர் சைக்கிள் ஓட்டி இருபது வருஷம் இருக்கும். ஆனாலும் நன்றாகத்தான் ஓட்டினார். எந்த வளைவில் மழைக்குக் கல் உருளும், எந்த மரத்தடியில் பேருந்துக்குக் கை காட்டுவார்கள் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் கல்லைத் தாண்டியதும் கதைகள் சுருங்கி வாக்கியங்களாயின. அப்புறம் வாக்கியங்கள் சுருங்கி ஒற்றை வார்த்தைகளாயின. இரண்டாவது கல்லில் மாமா இறங்கிவிட்டார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு போல."

குண்டூசி டயரை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. "ஆமா மாமா, கொஞ்சம் நிக்கலாம்" என்றாள்.

அடுத்த தடவை எதிர்க்காற்று அதிகம் என்று இறங்கினார். ஓர் இலைகூட அசையவில்லை. குண்டூசி அதற்கும் தலையாட்டினாள். பாலம் வந்து, இறக்கத்தில் சைக்கிள் தானாக உருண்டபோது மட்டும், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார். அது முப்பது அடிகூட நீடிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டிய திருப்பத்தில் மாமா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"குண்டூசி, இது ஏத்தம்தானே?"

"ஆமா மாமா."

"பதினாறு வருஷமா போறேன். ஒரு நாள்கூடத் தெரியலையே."

"உங்களுக்கு பதிலா இன்ஜின் மூச்சு வாங்குது மாமா. அது வெளியில சொல்லாது."

மாமா சிரிக்கவில்லை. நாளைக்கு வரும் பிள்ளைகளை நினைத்தார். மீசைக்காரரை நினைத்தார். "பலகையைப் பிடுங்கிப் போட்டுடறேன். பிள்ளைங்க பாதியில நின்னு அழக் கூடாது" என்று மெல்லச் சொன்னார். குண்டூசிக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இருவரும் சைக்கிளைத் திருப்பினார்கள்.

திரும்பிய உடனே சாலையே வேறு சாலையாகிவிட்டது. பாலத்தருகே கொஞ்சம் இறங்கித் தள்ளினார்கள், அவ்வளவுதான். பிறகு பெடலை மிதிக்கவே தேவையில்லை. சக்கரம் அதுபாட்டுக்கு உருண்டது. வேகமும் பயப்படும்படி இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டாலே சொன்னபடி கேட்டது. பள்ளத்தாக்கு, மேகம், தூரத்துக் கூரைகள் எல்லாம் பக்கத்தில் கூடவே வந்தன. இரண்டாவது கல்லைத் தாண்டும்போது மாமா தன்னை மறந்து சீட்டி அடிக்கத் தொடங்கினார்.

குண்டூசி அதைக் கேட்டாள். மாமாவைப் பார்த்தாள். அவர் கால்கள் சும்மா இருப்பதையும் பார்த்தாள். கீழே வந்ததும் நேராகப் பலகையின் முன்னால் பிரேக் போட்டாள்.

"மாமா, இதைச் சத்தமா படிங்க."

"ஏன்டி வெறுப்பேத்தற?"

"படிங்க மாமா."

"மிகச் சுலபம். ஏற்றமே இல்லை..." மாமா நிறுத்தினார். சைக்கிளைப் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதினதெல்லாம் சரிதான் மாமா. பலகைதான் தப்பான முனையில நிக்குது. ஏரிக்கிட்ட வச்சிட்டா?"

"பிள்ளைங்க மேல எப்படிப் போவாங்க?"

"அதான் உங்க பஸ் மூணாவது கியர்ல வழுக்கிட்டுப் போகுமே."

மாமா அவள் தலையில் செல்லமாகக் குட்டினார். உடனே ஊர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பலகை எங்கே நின்றால் என்ன, விழாமல் நின்றால் போதும் என்றார்கள். நாலு மணிப் பேருந்தில் பலகை கடைசி இருக்கையில் படுத்துக்கொண்டு ஏரிக்குப் பயணம் போனது. கூடவே குண்டூசியும் போனாள், கடையிலிருந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இருபத்து மூன்று சைக்கிள்களின் பிரேக்கையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, மூன்றில் தேய்ந்த கட்டையை மாற்றித்தான் அனுப்பினாள். அன்று மாமாவுக்கு விடுமுறை. அவரும் குண்டூசியும் பிள்ளைகளோடு பேருந்தில் ஏறிக்கொண்டார்கள். பேருந்தை ஓட்டியவர் மீசைக்காரர். கூரை மேல் சைக்கிள்களும் உள்ளே கூச்சலுமாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்ததும், அவர் இறங்கிப் பலகையைப் படித்தார். பிறகு, வருகிற வாரம் தன் மகனையும் அழைத்து வரட்டுமா என்று மாமாவைக் கேட்டார். மாமா கைக்குட்டையை எடுத்துப் பலகையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

பலகையின் அடியில் கோணல்மாணலாக ஒரு புது வரி இருந்தது. 'பாலத்துக்கிட்ட மட்டும் ஒரு குட்டி ஏத்தம் உண்டு. இறங்கித் தள்ளலாம். யாரும் சிரிக்கக் கூடாது.'

பிள்ளைகள் ஆளுக்கொரு பறவை மாதிரி இறங்கிப் போனார்கள். பாலத்தருகே எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பின்னால் உயரமான சைக்கிளில் வந்த மாமாவும் அங்கே இறங்கினார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு போல" என்றார்.

குண்டூசி தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, கல் மாதிரி இருந்த டயரை அழுத்திப் பார்த்தாள்.

"ஆமா மாமா, கொஞ்சம் கம்மிதான்" என்றாள்.