பிழைச்சீட்டு

உச்சிமாகாளி தன் வாழ்நாளில் கடைசியாக வீட்டில் செய்த வேலை, அட்டைத் தக்காளி ஒன்றுக்குப் பச்சைக் காம்பு ஒட்டியது.

அந்தத் தக்காளியால் யாருக்கும் பயன் இல்லை. உருப்போர்வை வந்த பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்து வேடம் கட்டிக்கொண்டு வரக் கூடாது என்பது பள்ளி விழாத் துறையின் ஆணை. மாறுவேட நாளன்று பள்ளியிலேயே ஆளுக்கொரு சாம்பல் நிறப் போர்வை தருவார்கள். தலைவழியே போட்டுக்கொண்டு தனக்கு வந்த வேடத்தின் எண்ணைச் சொன்னால் போதும். துணிக்குள் ஓடும் ஒளியிழைகள் விழித்துக்கொண்டு, உள்ளே நிற்கும் பிள்ளையை முழுதாக மறைத்துவிட்டு, ராஜாவையோ மயிலையோ கத்தரிக்காயையோ வெளியே காட்டும். அவர் மகள், முதல் வகுப்பு ஆவுடைக்கு வந்த எண் நாற்பத்தேழு. தக்காளி.

"பள்ளிக்கூடத்துல அவங்களே தாராங்கள்லா? நீங்க எதுக்கு அட்டையக் கொத்திக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் அவர் மனைவி வடிவு.

"அது ஊருக்குக் காட்டுத தக்காளி. இது எம்பிள்ளைக்கு நான் செஞ்சது. ஏட்டி ஆவு, எங்க சொல்லு பாப்போம்."

ஆவுடை தக்காளியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "நான்தான் தக்காளி. என்னைக் கீழ போட்டா சட்னி!"

"அவ்வளவுதான். நாளைக்கு நான் முதல் வரிசையில உக்காந்திருப்பேன். நீ வரியை மறந்துட்டேன்னா என் வாயைப் பாரு."

அப்போது செல்பேசி அடித்தது. முந்தின நாள் காற்றில் தெற்குத் தெருவில் மின்கம்பம் சாய்ந்து கிடந்தது. அவர் எழுந்து, இடப்பக்க மார்பை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். பதினாறு வருட வயர்மேன் வேலை கொடுத்தது. அந்த நேரம் அவர் பனியனோடு நின்றார். பையும் இல்லை, டெஸ்டரும் இல்லை.

"சட்டையப் போட்டுக்கிட்டுத் தட்டுங்க," என்று வடிவு சிரித்தாள். அவரும் சிரித்தார்.

போன மனிதரைப் பதினோரு மணிக்குப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

*

மறுவருடம் மாறுவேட நாள் நெருங்கியபோது, ஆவுடை வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரிய பெரிய எழுத்தில் ஒரே வரி. 'எனக்கு அப்பா வேசம் வேணும்.'

"எதுக்குட்டி?"

"அப்பா வாரேன்னு சொல்லிட்டு வரலைல்லாம்மா. நான் கூட்டிட்டுப் போறேன்."

கடைத்தெருவில் உருக்கடை ஒன்று இருந்தது. செல்பேசியில் இருக்கிற படங்களைக் கொடுத்தால் இரண்டே நாளில் செத்தவரின் உருவைப் போர்வைக்கு ஏற்றித் தந்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. வடிவு அந்தக் கடை வாசல்வரை போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால், யாருடைய மாமனாரோ, ஒரு பெரியவர் உள்ளே ஆளில்லாத வெறும் போர்வையில் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார். பிழை இல்லாத கும்பிடு. இப்படி ஒரு அப்பாவைப் பார்த்துவிட்டால், மகள் மனத்தில் இருக்கிற அப்பா எங்கே போவார்? இரண்டில் ஒன்றுக்குத்தானே அந்தச் சின்ன மனத்தில் இடம் இருக்கும்? வேண்டாம் என்று சொன்னாலோ, பிள்ளை மேடையேறாமலே இருந்துவிடுவாள். வடிவுக்கு இரண்டுமே பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்போம், அவர்கள் சொல்லட்டும் என்று திரும்பிவிட்டாள்.

தலைமையாசிரியர் சங்கரபாண்டியன் விதிப் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. "ஏழாவது விதிம்மா. வீட்டு ஆளுங்க உரு கூடாது. இருக்கவங்களா இருந்தாலும் சரி, இல்லாதவங்களா இருந்தாலும் சரி. வேற ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு பையன் செத்துப்போன அண்ணனா வந்துட்டான். அவங்க அம்மா சாயங்காலம்வரை போர்வையக் கழட்ட விடல. அந்தப் பையன் உள்ளயே மயங்கிட்டான்."

வடிவுக்கு அந்த அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. அதனாலேயே இன்னும் பயம் கூடியது.

இரண்டாம் வகுப்பு ரோஸ்லின் டீச்சர் அங்கேதான் வருகைப்பதிவை வைத்துக்கொண்டு நின்றார். "சார், பட்டியல்ல நூத்திப் பன்னெண்டாம் எண் வயர்மேன். அது யாரோட அப்பாவும் இல்லையே?" என்றார்.

தலைமையாசிரியர் யோசித்துவிட்டு, விதியில் அதற்குத் தடையில்லை என்றார்.

டீச்சர் குனிந்து, அம்மாவின் கையைப் பிடித்து நின்ற ஆவுடையிடம் கேட்டார். "என்னம்மா, சரிதானா?"

"மீசை உண்டுமா டீச்சர்?"

"ஆமா. பெரிய மீசை."

"எங்க அப்பாவுக்கு மீசை கிடையாதே." ஆவுடை தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள். "சரி பரவால்ல. இந்த ஒரு வருசத்துல வளந்துட்டுன்னு நெனச்சுக்கிடுதேன்."

*

உருப்போர்வையை வடிவு ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவள் மூன்றாம் வகுப்பு படித்தபோது போலீஸ் வேடம் போட்டவள். அண்ணனின் கால்சட்டை, கரிக்கட்டியால் வரைந்த மீசை. பக்கத்தில் காண்டிராக்டர் மகள் வாடகைப் பட்டிலும் ஜிமிக்கியிலும் ராணியாக நின்றாள். வியர்வையில் மீசை வழிந்து வாய்க்குள் இறங்கியபோது மைதானமே சிரித்தது. இப்போது எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலை இல்லை. எல்லாருக்கும் ஒரே சாம்பல் துணி. எல்லா ராணியும் ஒரே பட்டு. அந்தச் சாம்பல் துணிகளை மேசையில் அடுக்கிவைத்திருந்ததைப் பார்க்கும்போதே அவளுக்குக் கும்பிடலாம் போலிருந்தது.

போர்வைக்குள் இன்னொன்றும் இருந்தது. அதன் பெயர் அசைவுத் திருத்தி. ராணி வேடத்தில் நிற்கிற பிள்ளை மூக்கைச் சொறிந்தால், திருத்தி அதை மறைத்து ராணியை அமைதியாக நிற்கவைத்துக் காட்டும். ஆனால் அது கொஞ்சம் மந்தம். சில அசைவுகள் அரை நொடி வெளியே தெரிந்துவிடும். அப்படித் தப்பித்து வருவதைப் பிழை என்று எண்ணி, யாருக்குப் பிழை குறைவோ அவர்களுக்கு முதல் பரிசு.

விழா அன்று வடிவு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நூற்றுப் பன்னிரண்டு என்றதும் மேடைக்கு ஒரு வயர்மேன் வந்தார். மூன்றரை அடி உயரம், காக்கிச் சட்டை, கொத்து மீசை. வடிவுக்கு யாரோ போலத்தான் இருந்தது. ஆவுடையின் இரட்டைப் பின்னலும், விழுந்த முன்பல்லும் எங்கேயும் தெரியவில்லை. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். நல்லவேளை, இது அவர் இல்லை.

"நான்தான் வயர்மேன்," என்றது உள்ளிருந்து வந்த குரல். பிறகு நின்றுவிட்டது.

மறந்துவிட்டாள். வடிவு முன்னால் சாய்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். நான் ஏறினால்தான் ஊருக்கு வெளிச்சம். மீசைக்காரர் அவள் வாயைப் பார்த்தார்.

"நான் ஏறினாத்தான் ஊருக்கு வெளிச்சம்!"

கைதட்டல் எழுந்தது. மேடையில் ஒரு பொய்க் கம்பம் நட்டிருந்தார்கள். வயர்மேன் அதன் அடியில் போய் நின்று, அண்ணாந்து பார்த்தார். ஏறுவதற்கு முன்னால் வலக்கை தானாக எழுந்தது. இடப்பக்க மார்பில் இரண்டு தட்டு.

வடிவு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையை விட்டு இறங்குவதற்குள் இன்னும் இரண்டு முறை அந்தக் கை மார்புக்குப் போனது.

ஒரு வருடமாக அந்தப் பிள்ளை அவள் கண்முன்னால்தான் இருந்தது. குளித்தது, சாப்பிட்டது, தலைசீவ முரண்டு பிடித்தது. இதை அவள் பார்த்ததில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கையைப் பார்க்க நேரமில்லை. முகத்தைப் போர்வை மூடியபிறகுதான் கை தெரிந்தது.

விழா முடிந்ததும் ரோஸ்லின் டீச்சரை ஓடிப்போய்ப் பிடித்தாள். "டீச்சர், அந்தத் தட்டுறது... அது போர்வைக்குள்ள வச்சிருக்கதா?"

டீச்சர் பிழை எண்ணும் கருவியிலிருந்து நீளமான சீட்டு ஒன்றைக் கிழித்துப் பார்த்தார். "இல்லம்மா. நூத்திப் பன்னெண்டுக்கு அப்படி அசைவே கிடையாது. தப்புன்னுல்லா போட்டிருக்கு? பிழை மூணு. மூணும் ஒண்ணுதான். வலக்கை, இடமார்பு, இரண்டு தட்டு." வடிவின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "உங்க பிள்ளை கடைசி இடம்மா."

"அந்தச் சீட்டை எனக்குத் தாரீங்களா டீச்சர்?"

பின்னால் பால்காரர் செல்லத்துரை நின்றிருந்தார். "எம்மவன் சீட்டையும் பாருங்களேன். ராஜா தலைய ஒருச்சாய்ச்சு ஒரு பார்வை பாத்தாரு. அது எங்க அம்மாவாக்கும்!" அவ்வளவுதான், வரிசை வளர்ந்துவிட்டது. ஒருத்தர் அக்காவைக் கண்டிருந்தார், ஒருத்தர் தாய்மாமனை. பிழையே இல்லாமல் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் அம்மா, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையை வேடிக்கை பார்த்தாள். "எங்களுக்கு ஒண்ணுமே வரலையா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டாள்.

வடிவு அந்தச் சீட்டை டெஸ்டர் இருந்த பெட்டியில் வைத்தாள்.

*

மறுநாள் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. போர்வை செய்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். டீச்சர் தன் செல்பேசியில் விழாத் துறையின் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அதில் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. புகார்.

"நன்றின்னு ஒண்ணு இல்லையே டீச்சர்?"

"யாரு எழுதப்போறான்னு வைக்கல போல. புகார்லயே போடுவோம். உள்ள நன்றின்னு எழுதிருங்க."

வடிவு எழுதினாள். 'உங்கள் போர்வையில் என் மகளுக்கு மூன்று பிழை வந்தது. அந்தப் பிழையை எனக்குக் காட்டியதற்குக் கோடி நன்றி.' செல்லத்துரையும் எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். ஒரு வாரத்தில் அந்தப் பள்ளியிலிருந்து மட்டும் அறுபத்தொரு நன்றி போயிற்று.

துறையில் அவற்றை மனிதர்கள் படிக்கவில்லை. படித்த கருவிக்குத் தெரிந்தது இரண்டே செய்தி. புகார், அறுபத்தொன்று. காரணம், பிழை.

அடுத்த மாறுவேட நாளுக்குப் புதிய போர்வைகள் வந்தன. கூடவே ஒரு சுற்றறிக்கை. அசைவுத் திருத்தியின் வேகம் கூட்டப்பட்டு, பிழை முற்றிலும் நீக்கப்பட்டது. புகார் அளித்துத் துறைக்கு உதவிய பெற்றோருக்கு நன்றி.

சங்கரபாண்டியன் அதை ஒலிபெருக்கியில் வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. செல்லத்துரை மட்டும், "நல்லா நன்றி சொன்னோம்யா," என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த வருடம் ஆவுடை டாக்டர். வரி மறக்கவில்லை. மறந்து திருதிருவென்று விழித்திருந்தாலும் போர்வை அதைக் காட்டியிருக்காது. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் அளவாகச் சிரித்து, அளவாகக் கும்பிட்டு இறங்கினார். எல்லாப் பிள்ளைக்கும் பிழை பூஜ்யம், எல்லாருக்கும் முதல் பரிசு. பெற்றோர் வரிசை வரிசையாக உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

வடிவு கைவலிக்கத் தட்டினாள். அவள் நன்றியால்தான் அது போனது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நன்றி போகவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததே அந்த மந்தமான பழைய போர்வைதானே.

பிள்ளைகள் போர்வைகளை மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். ஆவுடை ஊதா கவுனில், பரிசுக் கோப்பையை இடக்கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

"போலாமாம்மா?"

வடிவு வண்டியைக் கிளப்பினாள். ஏறுவதற்கு முன்னால் ஆவுடை தன் இடப்பக்க மார்பை இரண்டு தட்டுத் தட்டினாள்.

அந்தக் கவுனில் பை கிடையாது.