சும்மா வந்த வண்டி

பலகை சூடாக இருந்தது.

சந்தானம் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். பிம்ப்ரி முழுக்க மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அடுக்ககத்தின் பின்புறம் நிறுத்தியிருந்த வேனின் தகரக் கூரையில் பொரி வறுக்கிற மாதிரி சத்தம். கம்பி, கதவு, கண்ணாடி எதைத் தொட்டாலும் விரல் விறைத்தது. அவர் தன் கையாலேயே அறுத்து, இடது கால் சுண்டுவிரலைக் கிழித்துக்கொண்டு, இரும்பு ஆங்கிள் அடித்து இறுக்கின கட்டில் பலகை மட்டும், யாரோ வெகு நேரம் உட்கார்ந்திருந்த பெஞ்சு போல வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து அடிப்பக்கத்தையும் தடவினார். அங்கே சூடு இன்னும் அதிகம்.

"புது ப்ளைவுட். மூச்சு விடும்," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். டிம்பர் மார்க்கெட்டில் வாங்கும்போது இதைக் கண்டுபிடித்திருந்தால் அதற்கும் விலையைக் குறைத்திருக்கலாமே என்று ஒரு சின்ன வருத்தம்.

கம்பெனி வீஆர்எஸ் கொடுத்து அனுப்பியதும் அவர் செய்த முதல் காரியம் இந்த வேன்தான். சீட்டுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார். பழைய சாமான் விற்கிற ஜூனா பஜாரில் ஸ்டவ்வும் சிங்க்கும் தேடிப் பிடித்தார். ஜன்னலுக்குத் திரை, கூரையோரம் சின்ன அலமாரி, நடுவில் பெரிய கட்டில், அதன் அடியில் காலி இடம், பெட்டி படுக்கைக்கு. கொங்கண் கரையில் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரை போகவேண்டும். வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே தூக்கம். பிள்ளையில்லாத வீட்டில் அவரும் விசாலமும் பேசிக்கொள்வது பால்கணக்கு அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ஒரே வேனுக்குள் அடைத்துவிட்டால் பொண்டாட்டி பேசித்தானே ஆகவேண்டும்?

அந்தப் பொண்டாட்டி இதுவரை வேனுக்குள் கால் வைக்கவில்லை. டீ கொண்டுவந்தால் டம்ளரைத் தள்ளி, சுவரோரக் கல்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

வேன் அவளுடைய அண்ணன் சந்திரமௌலியுடையது. தளேகாவ் ஃபேக்டரி ஒன்றுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. சந்தானம் கும்பகோணத்துப் பாத்திரக்கடை வாரிசு. அவர் பேரம் பேச உட்கார்ந்தால் பக்கத்துக் கடைக்காரன் தன் கடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருவான். ஆனால் மௌலியிடம் அந்த ருசியே கிடைக்கவில்லை.

"டயர் மொட்டை, மச்சான்."

"மொட்டைதான்."

"அடித்தகடு துரு."

"துருதான், மாப்ளே."

"எஞ்சின் காசநோய்க்காரன் மாதிரி இருமுது."

"ஆமாமா. ரொம்ப."

எதிராளி மல்லுக்கட்டாத பேரம் உப்பில்லாத ரசம். சந்தானம் சலித்துப்போய், "போற போக்கைப் பார்த்தா சும்மாவே குடுத்துடுவீங்க போலிருக்கே," என்றார். மௌலி நிமிர்ந்தார். அந்தக் கண்களில் ஒரு பசி தெரிந்தது.

"எடுத்துக்குங்க," என்றார்.

மறுநாள் காலை பித்தளைத் தட்டில் எள்ளைப் பரப்பி, நடுவில் சாவியை வைத்து நீட்டினார். விசாலம் பக்கத்தில் நின்று செம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். அது அண்ணன் கைவழியாக வழிந்து சந்தானத்தின் கையில் விழுந்தது. அவர் பிறந்த தெருவில் எள், எண்ணெய், இரும்பு மூன்றையும் யாரும் கைக்குக் கை வாங்கமாட்டார்கள். கடையில்கூட பலகைமேல் வைக்கச் சொல்லித்தான் எடுப்பார்கள். ஜெயித்த போதையில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது? ரெண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டு, "வண்டிக்குப் பூஜையா, பேஷ்," என்று சிரிக்கவும் சிரித்தார்.

இப்போது ஃபோமை விரித்து, மேலே புதுப் பூப்போட்ட விரிப்பைப் போட்டு, படுத்துப் பார்த்தார்.

மதியம்தான். ஆனால் மேகம் வேனுக்குள் சாயங்காலத்தைக் கொண்டுவந்திருந்தது. முதலில் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது, பிறகு காயாத காக்கித் துணியின் முடை, பிறகு டிபன் டப்பாவில் பகலெல்லாம் கிடந்து புளித்த பருப்பின் வாடை. எல்லாவற்றுக்கும் அடியில், மெதுவாக, ஆற்றுச் சேறு. எங்கோ கால்மாட்டில் ஒரு டப்பா மூடி 'டக்' என்றது. முதுகுக்குக் கீழே ஏதோ உறுத்தியது. போல்ட் என்று நினைத்துச் சற்றுப் புரண்டார். அங்கேயும் உறுத்தியது. உருண்டையாக, கெட்டியாக, ஜோடி ஜோடியாக. தோளுக்குக் கீழே ஒரு ஜோடி, இடுப்புக்குக் கீழே ஒரு ஜோடி, தொடைக்குக் கீழே ஒன்று. தடித்த பலகையும் ஃபோமும் இடையில் இருப்பதாகவே தெரியவில்லை.

முழங்கால்கள்.

அவர் மூச்சை அடக்கினார். இடுப்புக்குக் கீழே இருந்தவை மெல்ல நகர்ந்து கொடுத்தன, ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆள் ஒதுங்குகிற மாதிரி, மரியாதையாக.

"சர்கா," என்றது ஒரு குரல், காதுக்கு வெகு அருகில், மராட்டியில். நகருங்க.

எப்படி வெளியே விழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மழையில் நின்றபடி குனிந்து கட்டிலின் அடியைப் பார்த்தார். டூல் பாக்ஸ் இருந்தது. வேறொன்றும் இல்லை. தரைத்தகடு மட்டும் நனைந்திருந்தது.

வீட்டில் விசாலம் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன் ஏன் வேன் ஓட்டறதை நிறுத்தினாரு?"

கத்தி நின்றது. நனைந்து நின்ற அவரை அவள் மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"என்ன தெரிஞ்சிடுச்சா?"

"போன மழைக்கு நீங்க ஜாம்ஷெட்பூர்ல டெபுடேஷன்ல இருந்தீங்க. இந்திராயணி ஆத்துப் பாலத்து மேல தண்ணி ஓடிச்சாம். டிரைவர் மாட்டேன்னுதான் சொன்னான். அண்ணன்தான் போன்ல, ஷிஃப்ட் தப்பினா கான்ட்ராக்ட் போயிடும், ஓட்டுடான்னுச்சு."

"ஆளுங்க?"

"வண்டியோட எல்லாரும்தான் போயிட்டாங்க." மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். "வித்துப் பார்த்துச்சு. வாங்கினவனெல்லாம் வண்டியைக் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டு ஓடினான். அண்ணன் வீட்ல பிள்ளைங்க படுக்கிற ரூமெல்லாம் சேறு. தானமா போனாத்தான் அதுங்களும் கூடவே போகும்னு ஜோசியர் சொன்னாரு. இரும்பையும் எள்ளையும் கை நீட்டி யாருங்க வாங்குவா?"

சந்தானம் தன் ரெண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"நீங்கதான் சும்மான்னா விடமாட்டீங்களே," என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "அண்ணனுக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. நமக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேனேடி."

அவள் காய்த்தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

மௌலியின் வீடு சிஞ்ச்வடில். ஸ்கூட்டரை மழையில் விரட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன.

"மச்சான், விலை சொல்லுங்க. எவ்வளவானாலும் சரி. விலைக்கு வாங்கினதா ஆயிடட்டும்." வாழ்நாளில் அந்த வாய் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

"தானத்துக்கு ஏது மாப்ளே விலை?"

"ஒரு ரூபாயாவது வாங்கிக்குங்க. கையைத் தொட வேணாம், கீழே வைக்கிறேன்."

கதவு சாத்திக்கொண்டது. சந்தானம் மண்டியிட்டுச் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் கதவிடுக்கில் தள்ளினார். உள்ளேயிருந்து ஒரு துடைப்பம் வந்து, நனைந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக, பொறுமையாக, வெளியே கூட்டித் தள்ளியது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் ரெண்டும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தன. நிம்மதியான வீட்டின் சிரிப்பு.

திரும்பி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஏரியா முழுக்கக் கரண்ட் போயிருந்தது. தடவித் தடவி மாடியேறினார். வீட்டுக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"விசாலம்."

"போயிடுங்க." குரல் கதவை ஒட்டி வந்தது, அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான்டி. குளிருது."

"நீங்க தனியா வரலீங்க. படியைப் பாருங்க."

மின்னல் ஒன்று மாடி ஜன்னல் வழியே அடித்தது. படிகளில் அவருடைய செருப்புத் தடம் ஏறி வந்திருந்தது. அதன் இரு பக்கமும், பின்னாலும், வெறுங்கால் தடங்கள். நிறைய. சேறோடு. அவர் நிற்கும் படிக்கு அடுத்த படிவரை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டை. யாரோ கதவுக்குள் மராட்டியில் பிள்ளையை அதட்டிச் சத்தத்தை அடக்கினார்கள். யாரும் திறக்கவில்லை.

முதுகில் ஈர மூச்சு. ஒன்றல்ல.

இறங்கினார். இறங்கினார் என்று சொல்வதா. நெரிசலில் கால் தரையில் படாமல் நகர்வோமே, அப்படி.

மழை. சுவர். வேன்.

பக்கக் கதவு திறந்திருந்தது. அவர் மூடிவிட்டுப் போன கதவு.

"மாட்டேன்," என்றார். கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஏற மாட்டேன். நான் வாங்கலை. எனக்குத் தெரியாது. என்னை ஏமாத்திட்டாங்க."

உள்ளே எட்டிப் பார்த்தார்.

பூப்போட்ட விரிப்பு. அதன்மேல் மேடு. பக்கத்தில் மேடு. வரிசையாக. பொறுமையாக.

மேலே அவர்கள் வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தி வெளிச்சம் வந்தது. விசாலம் தெரிந்தாள். கீழே பார்க்கவில்லை. அவருடைய தலையணையை எடுத்து, உறையை உருவி, மடித்து வைத்தாள். திரையை இழுத்துவிட்டாள்.

வேனுக்குள் விரிப்பு அசைந்தது.

மேடுகள் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் நகர்ந்தன. நெருங்கின. இடம் விட்டன. ஜன்னலோரம். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு.

அந்த இடத்திலும் விரிப்பு மெல்ல எழும்பியது. ஒரு ஜோடி.

மின்னல்.

கட்டிலுக்கு அடியில் பாதங்கள். வரிசையாக. வெளுத்து, ஊறி, சேறு அப்பி. கடைசியாக ஜன்னலோரம் இரண்டு பாதங்கள், மற்றவை போல் வெளுக்காமல், ஊறாமல். அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தன. இடது கால் சுண்டுவிரலில், ஆங்கிள் அறுக்கும்போது அவரே கிழித்துக்கொண்ட புதுக் காயம். ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

சந்தானம் கைப்பிடியை விடவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்க்கவும் இல்லை.