பட்டியலில் சேர்ந்த சொற்கள்

காலைச் சங்கு ஊதியதும் தூத்துக்குடிக் கப்பலுடைப்புத் தளத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். மேற்பார்வையாளர் ஆவுடையப்பன் ஒவ்வொருவருக்கும் குரல்வளையத்தைப் பூட்டினார். எந்த மொழியில் வசைச்சொல் வந்தாலும் வளையம் மின்னதிர்ச்சி கொடுக்கும். அடுத்த சொல்லுக்கு அது இரட்டிப்பாகும். அவர் கழுத்தில் மட்டும் வளையம் கிடையாது.

இரும்பு வெட்டும் ஜெசிந்தாவும் அவள் கூட்டாளி மிக்கேலும் வளையத்தை ஏமாற்ற ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். போன வருடம் உடைத்த கப்பலில், கேப்டன் அறையில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர்கள் எரிச்சலில் உதிர்த்த சொற்கள் அதில் இருந்தன. இப்போது யாரும் பேசாததால் வளையத்தின் பட்டியலில் அவை இல்லை. விரலில் சுத்தியல் பட்டால் ‘ட்ராட்’. இயந்திரம் நின்றுபோனால் ‘பிளாஸ்ட்’. ஆளைப் பார்த்துச் சொல்வதென்றால் ‘கன்ஃபவுண்ட் யூ’. ஆவுடையப்பன் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டு, கோபம் தீர்ந்து வேலைக்குத் திரும்புவார்கள்.

அன்று பத்து மணிக்கு இரும்புத்தகடு ஒன்று சரிந்து மிக்கேலின் தொடையை நசுக்கியது.

“பிளாஸ்ட்!” என்று அலறினான். வளையம் சுட்டு அவன் உடலைத் தூக்கிப்போட்டது. ஒரு வருடப் பழக்கம். வலித்தால் வாயில் அதுதான் வந்தது. “ட்ராட்!” உடல் இன்னும் உயரமாகத் துள்ளியது.

“நேத்தே பட்டியல்ல சேத்தாச்சு,” என்றார் ஆவுடையப்பன். “என்ன ஏசுறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?”

“சார், வளையத்தக் கழட்டுங்க! செத்துருவான் சார்!” என்று ஜெசிந்தா கத்தினாள்.

“அவன வாய மூடச் சொல்லு.”

“எலே மிக்கேலு, பேசாதல! பல்லக் கடிச்சுக்கல!” ஜெசிந்தா அவன் வாயைப் பொத்தினாள். வலியில் அவன் அவள் உள்ளங்கையைக் கடித்தான். கடித்த வாயிலிருந்தே மறுபடியும் அந்தச் சொல் வெடித்தது. அதிர்ச்சி அவள் தோள்வரை ஏறியது. மிக்கேலின் கண்கள் நிலைகுத்தின.

ஜெசிந்தா எழுந்து ஆவுடையப்பனைப் பார்த்தாள். “கன்ஃபவுண்ட்…” முடிப்பதற்குள் வளையம் அவளை மண்டியிட வைத்தது. கைக்கு எட்டும் தூரத்தில் கடப்பாரை கிடந்தது.

முதல் அடியில் ஆவுடையப்பன் விழுந்தார். தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக் கத்தினார். அவள் உதடு திறக்கவில்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு அவரும் கத்தவில்லை.

சுற்றி நின்ற நாற்பது பேரும் ஒவ்வொருவராகக் குனிந்து, அகப்பட்ட இரும்பை எடுத்துக்கொண்டு, அலுவலகக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள்.